கண்ணீரும் கணக்கும்

சென்ற ஆண்டு எமது பாடசாலையின் பதினோராம் வகுப்பு மாணவருக்கு 'முதுமை' என்னும் பொருளில் கட்டுரை எழுதப் பணித்தேன். பாடசாலை கொட்டாஞ்சேனையில் உள்ளது. துறைமுகத் தொழிலாளர், நாட்டாமைகள், சிறு கடைக்காரர், வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார் ஆகியோரின் பிள்ளைகளே பெரும்பாலும் அங்கு கற்கின்றனர். 38 கட்டுரைகள் வந்தன. அவற்றுள் 37 கட்டுரைகளில் ஏறக்குறைய ஒரே கதைதான் இருந்தது. வயிற்றைக் கட்டிப் பிள்ளையை வளர்த்த தாய், படித்து உயர்ந்த மகன், மனமில்லாத மருமகள், முதியோர் இல்லத்தின் வாசல், அங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமற் செல்லும் கார். ஈற்றில் தாயின் கண்ணீர்; அந்தக் கண்ணீரிலும் மகனுக்கு ஓர் ஆசீர்வாதம்.

மிஞ்சிய ஒன்றை ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவளுடைய தாய் வெள்ளவத்தையிலுள்ள ஓர் இல்லத்தில் இரவு வேலை செய்பவர். அங்கே 19 முதியவர்கள்; இரவில் அவர்களுக்கு அந்தத் தாய் ஒருத்தியே துணை. எண்மர் தாமாகப் புரண்டு படுக்க இயலாதவர்கள். ஒருவரைப் புரட்ட இருவர் வேண்டும். ஆகையால் அம்மா புரட்டுவதில்லை. புரட்டியதாகப் புத்தகத்தில் மட்டும் எழுதுவார். எழுதிய நாட்களில் வீட்டுக்கு வந்து சாப்பிடமாட்டார் என்று அம்மாணவி எழுதியிருந்தாள். உவமை இல்லை, மேற்கோள் இல்லை, முடிவுரையும் இல்லை. நான் அதற்கு 100க்கு 45 புள்ளிகள் இட்டு, 'இலக்கியச் சுவை போதாது' என்று சிவப்பு மையினால் எழுதினேன். மற்றைய 37 பேருள் பலருக்கு எழுபதுக்கு மேல் கொடுத்திருந்தேன்.

எட்டு மாதங்களின் பின் என் பெரியம்மா காலமானார். கடைசி ஒன்றரை ஆண்டுகளை அவர் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் இயங்கும் இல்லமொன்றிலே கழித்தார். அவருடைய பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மாதப் பணம் தவறாமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்ப்பேன். பார்க்கும் நேரத்தில் முகம் துடைத்து, பவுடர் பூசி, கதிரையில் இருத்தி வைத்திருப்பார்கள். அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோன அன்றுதான் இடுப்பில் எலும்பு தெரியுமளவுக்கு இருந்த படுக்கைப்புண்ணை நாங்கள் கண்டோம். வைத்தியர் என்னை ஒரு முறை பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் பெரியம்மா போய்விட்டார்.

இல்லத்தின் பதிவுப் புத்தகத்தைக் காட்டும்படி கேட்டேன். "அதெல்லாம் வீட்டாருக்குக் காட்டுறதில்லை, சேர்" என்றார்கள். பெரியம்மாவின் மூத்த மகனுக்கு இலண்டனுக்குத் தொலைபேசியில் பேசி, முறைப்பாடு செய்வோம் என்றேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "விடு தம்பி. நாங்கள்தானே கொண்டுபோய் விட்டனாங்கள். என்ன முகத்தோட போய்க் கேக்கிறது?" என்றார். அந்த ஒரு வாக்கியமே என்னை அம்மாணவியின் கட்டுரையிடம் திருப்பி அனுப்பியது. இலக்கியம் பற்றிச் சில கேள்விகளையும் எழுப்பியது. அவற்றை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதுமையைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது குறைவன்று. கடந்த சில பத்தாண்டுகளாக முதியோர் இல்லம் என்பது நமது சிறுகதைக்கும் கவிதைக்கும் மேடை நாடகத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் ஓயாத விடயமாகியுள்ளது. 1970ஆம் ஆண்டில் 'வியட்நாம் வீடு' திரைப்படம் வந்தபோது, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தந்தை தன் வீட்டிலேயே மதிப்பிழந்து நிற்கும் அவலம் மத்தியதர வர்க்கத்தின் உள்ளத்தைத் தொட்டது. அதில் வீடே களம். வீட்டினுள்ளே நிகழ்வதே நாடகம். அக்களத்துக்கு அக்கதை பொருந்தியது. பின்னர் வந்த எழுத்துக்களில் முதியவர் வீட்டை விட்டு இல்லத்துக்குப் போய்விட்டார். ஆனால் கதை அவரோடு போகவில்லை. அது இல்லத்தின் வாசலில் நின்றுவிட்டது.

இது உவமையன்று. இவ்வகைக் கதைகளை எடுத்து ஆராய்வோர் ஒன்றைக் காண்பர். இல்லத்தை நடத்துபவர் யார், அவருக்கு அனுமதி கொடுத்தவர் யார், இரவில் எத்தனை பேர் கடமையிலிருக்கின்றனர், அவர்களின் சம்பளம் என்ன, பாம்பர்ஸ் ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்றப்படுகிறது, விழுந்தவரை எவர் தூக்குகிறார், இறந்தவரின் பெயர் எந்த ஏட்டில் எழுதப்படுகிறது என்ற கேள்விகளுக்கு அக்கதைகளில் விடை இல்லை. கேள்விகளே இல்லை. இல்லம் அங்கே இடமாக இல்லை. மகனுக்கு எதிரான சாட்சியமாக மட்டும் இருக்கிறது. அவனுடைய நன்றியின்மையை நிரூபித்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இதனை நான் கலாபூர்வமான குறைபாடாக மட்டும் கருதவில்லை. இதற்கு ஒரு சமூக விளைவும் உண்டு. இந்த இலக்கியம் பிள்ளைகளை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றது. கூண்டில் நிற்பவன் வழக்குத் தொடுக்க முடியாது. "என்ன முகத்தோட போய்க் கேக்கிறது?" என்று என் அண்ணன் சொன்னபோது, அவர் சிறு வயதிலிருந்து படித்த, கேட்ட, கண்ட அத்தனை கதைகளும் அவர் வாயைப் பொத்தியிருந்தன. தாயை இல்லத்தில் விட்ட குற்றம் அவ்வளவு பெரிதாகிவிட்டதனால், இல்லத்தில் அவளுக்கு நிகழ்ந்த குற்றம் கேட்கத் தகாததாகிவிட்டது. குற்றவுணர்வு கொண்ட மகன் மாதாமாதம் பணம் அனுப்புவான், கணக்குக் கேட்கமாட்டான். இல்லத்தை இலாபத்துக்காக நடத்துபவனுக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளன் கிடைப்பானா? கண்ணீர்க் கதையை எழுதியவர் இதை எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் எண்ணாத விளைவுக்கும் எழுத்தாளன் பொறுப்பு என்பதே முற்போக்கு விமர்சனத்தின் ஆரம்ப பாடம்.

முதுமையைக் குடும்பப் பாசத்தின் விவகாரமாக மட்டும் காண்பது நமது மரபு என்று சிலர் கூறுவர். மரபைப் பார்ப்போம். புறநானூற்றின் 243ஆம் பாட்டிலே தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். ஆழமான மடுவிலே குதித்து அடிமணலை அள்ளி வந்த பிள்ளைப் பருவத்தையும், கோலூன்றி இருமிக்கொண்டு தடுமாறிப் பேசும் இன்றைய நிலையையும் அருகருகே வைக்கும் பாட்டு அது. அங்கே எவர் மீதும் பழியில்லை. உடலின் உண்மை உண்டு. அதே நூலில் 191ஆம் பாட்டு இன்னும் முக்கியமானது. ஆண்டு பலவாகியும் உமக்கு நரை வராதது ஏன் என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் காரணங்களைக் கூறுகின்றார். மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர் என்று குடும்பத்திலே தொடங்குகிறார். அத்துடன் நிறுத்தவில்லை. ஏவலர் தாம் எண்ணியதையே எண்ணுகின்றனர் என்கிறார். வேந்தன் அல்லவை செய்யாது காக்கின்றான் என்கிறார். தம் ஊரிலே ஆன்று அவிந்து அடங்கிய சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்று முடிக்கின்றார்.

இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். ஒரு மனிதன் நிம்மதியாக முதுமையடைய மக்கள் வேண்டும். பணி செய்வோர் வேண்டும். நீதியான ஆட்சி வேண்டும். பொறுப்புள்ள ஊர் வேண்டும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் ஒரு புலவரின் கண்ணுக்கு முதுமை சமுதாய விடயமாகத் தெரிந்திருக்கிறது. நாமோ அந்தப் பட்டியலில் மக்களை மட்டும் வைத்துக்கொண்டு ஏவலரையும் வேந்தனையும் ஊரையும் கிழித்தெறிந்துவிட்டோம். அப்படிக் கிழித்ததையே மரபு என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

மக்களைப் பற்றியேனும் உண்மையை எழுதினோமா? வெள்ளவத்தைக்கு வருவோம். 1983 யூலைக்குப் பின்னரும், அதன்பின் நீண்ட போர்க்காலத்திலும், வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் காலி வீதியின் இரு மருங்கிலுமுள்ள ஒழுங்கைகளில் குடியேறின. பலருக்கு அது தங்குமிடம். வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்த இடம். இளையோர் போனார்கள். கனடாவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனவர்களிற் பலர் அகதிகளாகவே போனார்கள். பெற்றோர் தொடர்மாடி வீடுகளில் எஞ்சினர். பிள்ளைகளால் ஆண்டுக்கணக்கில் திரும்பி வர இயலாதிருந்தது. விசா கேட்ட பெற்றோரிற் பலருக்கு அது கிடைக்கவில்லை. போர் 2009இல் முடிந்தபோது பெற்றோர் கிழவராகிவிட்டனர். பிள்ளைகள் அந்நாடுகளில் வேரூன்றிவிட்டனர். 2022இன் பொருளாதார நெருக்கடி இன்னுமோர் அணியைக் கப்பலேற்றியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கை மக்களில் 12.4 வீதத்தினர் அறுபது வயதை எட்டியோ கடந்தோ இருந்தனர். அதன்பின் அந்த விகிதம் ஏறியதேயன்றி இறங்கவில்லை. இந்த வரலாற்றையெல்லாம் 'மனமில்லாத மருமகள்' என்ற ஒரு பாத்திரத்துக்குள் அடக்கிவிடுவது எவ்வளவு பெரிய சுருக்கம்! தாயைப் பராமரிக்க ஒரு பெண் தன் வேலையை விட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் அப்பாத்திரம் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது.

பிசிராந்தையார் சொன்ன ஏவலர் எங்கே? அவர்களும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறார்கள், கதைகளில்தான் இல்லை. இந்த இல்லங்களிலே கிழவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மலசலம் துடைப்பவர்களிற் பலர் ஹற்றன், பண்டாரவளைப் பக்கங்களிலிருந்து வந்த மலையகப் பெண்கள். கொட்டாஞ்சேனை, புளூமெண்டால் தோட்டங்களிலிருந்து வரும் தாய்மார். தாதியர் பயிற்சி பெற்றோர் அவர்களுள் அரிது. வேலை நேரத்துக்கு எல்லை இல்லை, சங்கம் இல்லை. இதே வெள்ளவத்தையில் நூல் நூற்பு, நெசவாலைத் தொழிலாளர் 1933இல் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்க வரலாற்றில் இடம்பெற்றது. அந்த ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கின்றன. ஆலைக்குள் ஆயிரம் பேர் ஒன்றுகூடி நின்றதனால் அவர்களுக்குக் குரல் இருந்தது. ஒழுங்கை வீடொன்றினுள் இரவில் தனியே நிற்கும் ஒருத்திக்கு யாரோடு சேர்ந்து குரலெழுப்புவது? அவள் செய்யக்கூடியது புத்தகத்தில் பொய் எழுதுவதொன்றே. அந்தப் பொய்யை அவளுடைய ஒழுக்கக்கேடு என்று எழுதினால் நாம் மருமகளை விட்டு வேலைக்காரியைப் பிடித்தவர்களாவோம். 19 பேருக்கு ஒருத்தியை நிறுத்திய கணக்கிலேதான் அந்தப் பொய் பிறக்கிறது.

இனி, வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தவர்கள் எதைக் கண்டார்கள் என்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்ற இல்லம் இயங்கி வந்தது. 2021 டிசெம்பரில் முதியவர் ஒருவர் அங்கே சேர்க்கப்பட்டார். 2022இல் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் அவரைக் காண விரும்பியபோது, பெங்களூரிலுள்ள வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றனர். அங்கே போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2023 பெப்ரவரியில் அதிகாரிகளும் பொலிசாரும் உள்ளே சென்றனர். உரிய அனுமதியின்றி நடந்த அந்த இல்லத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். சங்கிலியிட்டமை, அடித்தமை, பாலியற் கொடுமை என்பன குற்றச்சாட்டுக்களாயின; வேறு சிலரும் காணாமற்போயிருப்பது வெளிப்பட்டது. நிர்வாகிகள் கைதாகினர், விசாரணை சி.பி.சி.ஐ.டி. பிரிவுக்கு மாற்றப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் கொடுமையைவிட அது வெளிவந்த முறைதான் நமக்குப் பாடம். ஆசிரமத்தின் பெயரில் அன்பும் இருந்தது, சோதியும் இருந்தது. அதன் கதவைத் திறந்தது அன்பன்று, "அவர் எங்கே?" என்ற ஒற்றைக் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். நமது கதைகளின் இலக்கணப்படி அவர் குற்றவாளி. அவர் வெட்கப்பட்டு ஊர் திரும்பியிருந்தால் உள்ளே இருந்தவர்கள் இன்னும் எத்தனை காலம் உள்ளே இருந்திருப்பார்களோ?

இது ஏழை நாடுகளின் நோய் என்று எண்ணவும் வேண்டாம். தென் அவுஸ்திரேலியாவில் ஓக்டன் என்னும் அரசாங்க இல்லத்தில் நிகழ்ந்த சீர்கேடுகள், ஒரு குடும்பம் விடாது முறையிட்டதனால் 2017இல் அம்பலமாகி, அவ்வில்லம் மூடப்பட்டது. 2018இல் அந்நாடு முதியோர் பராமரிப்புப் பற்றி அரச ஆணைக்குழு ஒன்றையே நியமித்தது. 2019இல் வெளிவந்த அதன் இடைக்கால அறிக்கைக்கு இட்ட தலைப்பு 'புறக்கணிப்பு' என்னும் ஒரே சொல். 2021இல் வந்த இறுதி அறிக்கை 148 விதப்புரைகளைச் செய்தது. இங்கிலாந்தில், கொரோனாத் தொற்றுப் பரவிய 2020 மார்ச், ஏப்ரல் காலத்தில் வைத்தியசாலைகளிலிருந்து நோயாளரைப் பரிசோதிக்காமலும் தனிமைப்படுத்தாமலும் முதியோர் இல்லங்களுக்கு அனுப்பிய அரசின் கொள்கையை எதிர்த்து, தந்தையரை இல்லங்களிற் பறிகொடுத்த இரு பெண்கள் வழக்குத் தொடுத்தனர். 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அக்கொள்கை சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தது. தந்தையை இல்லத்தில் விட்ட மகள் அரசைக் கேள்வி கேட்கலாகாது என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை.

கனடாவின் கதை இலக்கிய மாணவருக்கு இன்னும் பயன்படும். 2020இல் ஒன்ராறியோ மாகாணத்தின் ஐந்து நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கு உதவியாக இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். அவற்றுள் ஒன்று நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோவில் இருந்தது. அந்தப் படையினர் தாம் கண்டதை மேலதிகாரிகளுக்கு எழுதினர். கரப்பான் பூச்சிகள், மாற்றப்படாத பாம்பர்ஸ், உதவிக்கு அழைத்தும் வராத ஆட்கள், முறையற்ற விதத்தில் ஊட்டப்பட்ட உணவு என்று இல்லம் இல்லமாக, வரி வரியாகக் குறித்தனர். மே மாதத்தில் அது வெளியானபோது நாடே அதிர்ந்தது. இலக்கியப் பயிற்சி எதுவுமில்லாத சிப்பாய்களின் குறிப்புகள் அவை. ஆண்டாண்டாக வந்த கண்ணீர் எழுத்துக்கள் செய்யாததை அக்குறிப்புகள் செய்தன. ஏன்? அவர்கள் உள்ளே நின்று எண்ணினார்கள். எமது மாணவியும் அதையே செய்திருந்தாள்.

இலங்கையின் சட்டத்தை நோக்கும்போதும் இலக்கியத்திற் கண்ட அதே ஒருபக்கப் பார்வையைக் காண்கிறேன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு முகம் பிள்ளைகளை நோக்கியது: தம்மைப் பராமரிக்க இயலாத முதியவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி அதற்கென அமைந்த சபையிடம் விண்ணப்பிக்கலாம். மற்ற முகம் இல்லங்களை நோக்கியது: ஐவருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். முதல் முகத்தைப் பற்றி எமது ஆசிரியர் ஓய்வறையில் அனைவரும் அறிவர். "பெற்றோரைப் பார்க்காவிட்டால் இப்போது சட்டம் இருக்கிறது" என்று மாணவருக்குச் சொல்லியும் வைக்கிறோம். இரண்டாம் முகத்தைப் பற்றிக் கேட்டபோது ஒருவரும் அறிந்திருக்கவில்லை. நானும் பெரியம்மாவின் மரணத்துக்குப் பின்னரே தேடிப் படித்தேன். நோயாளரைப் பராமரிக்கும் தனியார் நிலையங்களுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டமும் இருக்கிறது. ஒருவர் முதியவரா நோயாளியா என்ற கேள்வியில் ஒரு திணைக்களம் மற்றொன்றைக் கைகாட்டும்போது, படுக்கையில் கிடப்பவர் இரண்டுமாகவே இருக்கிறார். சட்டம் நூலில் இருப்பது போதாது. அதைக் கேட்கும் வாய்கள் வேண்டும். அந்த வாய்களை வெட்கத்தால் அடைத்தது யார் என்பதையே இதுவரை பேசினேன்.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் எழலாம்.

முதலாவது, இலக்கியம் அறிக்கையன்று, கணக்கெழுதுவது கலைஞனின் தொழிலன்று என்பது. இந்த ஆட்சேபம் நமக்குப் புதியதன்று. அறுபதுகளின் தொடக்கத்திலே ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் உழைக்கும் மக்களின் பேச்சையும் வாழ்வையும் எழுத்திற் கொணர்ந்தபோது, அதனை 'இழிசனர் இலக்கியம்' என்று பண்டிதர் சிலர் பழித்தனர். டானியலும் டொமினிக் ஜீவாவும் காட்டிய வாழ்வு அன்று இலக்கியத்துக்குத் தகாததாய்த் தோன்றியது. மலசலமும் புண்ணும் இரவு வேலையும் இன்று தகாதவையாய்த் தோன்றுகின்றன. மேலும், கணக்கைச் சொல்வதால் உணர்ச்சி குறைவதில்லை. எழுதிய நாட்களில் வீட்டுக்கு வந்து சாப்பிடமாட்டார் என்ற வாக்கியத்தை விடத் துயரமானதொன்றை அந்த 37 கட்டுரைகளிலும் நான் காணவில்லை.

இரண்டாவது, தர்மசிந்தையோடு இல்லம் நடத்துவோரும் இருக்கின்றனர், அவர்களை இது புண்படுத்தும் என்பது. இருக்கின்றனர், மறுக்கவில்லை. மருதானையில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் நெடுங்காலமாகச் செய்துவரும் பணியைக் கொழும்பில் அறியாதார் யார்? நல்ல இல்லத்துக்குத் திறந்த புத்தகத்தால் நட்டமில்லை. மூடிய புத்தகம் காப்பாற்றுவது கெட்ட இல்லத்தையே. ஒருவருடைய உயிர், நடத்துபவரின் நல்ல குணத்தை நம்பி மட்டும் இருக்கலாகாது என்பதற்காகத்தான் விதிகள் உள்ளன.

மூன்றாவது ஆட்சேபம் எம்மவரிடமிருந்தே வரும். இதெல்லாம் முதலாளித்துவத்தின் விளைவு, அமைப்பு மாறினால் தீரும் என்பது அது. இக்கூற்றில் உண்மை உண்டு. உழைக்கும் ஆற்றல் இருக்கும்வரை மனிதனைப் பயன்படுத்தி, பின் கழித்துவிடும் ஒரு சமுதாயம், முதியவரை நடத்தும் விதத்தால் தன் முழு நாகரிகத்தின் தோல்வியையே காட்டிக்கொடுக்கிறது என்பதை சிமோன் த பொவார் 1970இல் வெளியான 'முதுமை' என்ற நூலில் விரித்துரைத்தார். ஆனால் அவர் அந்த முடிவோடு நின்றுவிடவில்லை. தன் நாட்டு முதியோர் விடுதிகளின் நிலைமையையும் ஆராய்ந்தே எழுதினார். நாமோ பல வேளைகளில் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியை விட்டுவிடுகிறோம். மருமகளின் இடத்தில் கொழுத்த முதலாளியை வைத்து எழுதினால் கதை முற்போக்காகிவிடாது. அதுவும் வாசலில் நிற்கும் கதையே. ஓக்டன் அரசாங்க இல்லம் என்பதையும் மறக்கலாகாது. இலாப நோக்கு இல்லாத இடத்திலும் கேட்பாரற்ற அதிகாரம் கொடியதாகும்.

அப்படியானால் எழுத வேண்டியது யாது? எழுத்தாளருக்குப் பாடத்திட்டம் வகுப்பது விமர்சகனின் வேலையன்று. எழுதப்படாதிருப்பதை மட்டும் சுட்டிக்காட்டலாம். ஓர் இரவுக் கடமை எழுதப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பவுடருக்குப் பின்னால் சனிக்கிழமை எப்படி இருந்தது என்பது எழுதப்படவில்லை. மலையகத்திலே தன் தாயைத் தனியே விட்டுவந்து, கொழும்பிலே இன்னொருத்தியின் தாயைத் துடைக்கும் பெண் எழுதப்படவில்லை. ஸ்காபரோவில் அந்நியக் கிழவரைப் பராமரித்துப் பெற்ற சம்பளத்தில் வெள்ளவத்தைத் தாய்க்குப் பணம் அனுப்பும் மகள் எழுதப்படவில்லை. ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எந்தக் கந்தோரின் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதும் எழுதப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முதியவரே எழுதப்படவில்லை. நமது கதைகளில் அவர் அழுகிறார், ஆசீர்வதிக்கிறார், கோபப்படுவதில்லை, கேட்பதில்லை. என் பெரியம்மா 32 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம், "இங்க கணக்குப் பிழைக்குது, தம்பி" என்றார். மறதியில் பேசுகிறார் என்று எண்ணி, "ஓம் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று அவ்வாக்கியத்தை மறதி என்று கொள்ள என்னால் முடியவில்லை.

முறைப்பாட்டை நானே எழுதினேன். பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமைகள் உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அண்ணன் முதலில் தயங்கினார்; பின்னர் இலண்டனிலிருந்து தன் பெயரையும் சேர்க்கும்படி எழுதினார். பதில் இன்னும் வரவில்லை. மாதம் ஒரு முறை போய்க் கேட்கிறேன். இதே ஒழுங்கையில் வேறு இரு குடும்பத்தினரும் தம் தாய்தந்தையரைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். பெரிய வெற்றி எதனையும் இங்கே அறிவிப்பதற்கில்லை.

கட்டுரைப் பொருளை இவ்வாண்டு புதிய வகுப்புக்கும் கொடுத்தேன். இம்முறை முன்கூட்டியே ஒன்றைச் சொன்னேன்: உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு முதியவரின் ஒரு நாளை, காலை முதல் இரவு வரை, யார் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டறிந்து எழுதுங்கள். சென்ற ஆண்டு மாணவி இப்போது உயர்தர வகுப்பிலே இருக்கிறாள். அவளை அழைத்து, நான் அவள் கட்டுரையைத் தவறாக மதிப்பிட்டேன் என்று சொன்னேன். அவள் சிறிது நேரம் நின்றுவிட்டு, "அம்மாவிடம் சொல்லலாமா, சேர்?" என்று கேட்டாள். சொல்லும்படி கூறினேன், அந்த இல்லத்தின் பெயரை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் வேலை போவது இல்லக்காரனுக்கல்ல, அவள் தாய்க்கு. அந்தத் தாயும், என் அண்ணனும், படுக்கையில் கிடப்பவரும் ஒரே பக்கத்தில் நின்று கேட்கும் நாள் வரும்வரை புத்தகத்தில் பொய்யே எழுதப்படும். அவர்களை எதிரெதிரே நிறுத்தும் கதைகளை இனியும் நல்ல கதைகள் என்று மாணவருக்குப் படிப்பிக்க நான் ஆயத்தமாயில்லை. ஆசிரிய நண்பர்களும் தத்தம் வகுப்பறைகளில் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.